பிறந்த குழந்தையை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸில் மூச்சுக்கு எது வேண்டும்: அம்பு பேக், டீ-பீஸ், சிபாப், வென்டிலேட்டர்

நன்கொடை தர முன்வரும் அமைப்புகளும் சின்ன ஊர்களில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர்களும் அடிக்கடி கேட்பது இது: “குழந்தை ஆம்புலன்ஸுக்கு ஒரு நல்ல வென்டிலேட்டர் சொல்லுங்க, வாங்கிப் போட்டுடலாம்.” கேட்கும்போதே முடிவு பாதி எடுத்தாகிவிட்டது. நான் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியர், இடமாற்றத்தின்போது குழந்தையோடு வண்டியில் போவதும் என் வேலைதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வண்டிகளுக்கு முதலில் வாங்க வேண்டியது பேட்டரியில் ஓடும், ஆக்சிஜனையும் காற்றையும் கலந்து இடைவிடாத சிறு அழுத்தத்தில் மூக்கு வழியாகத் தரும் ஒரு சிபாப் கருவி, அதோடு விரலால் மூடித் திறந்து மூச்சு கொடுக்கும் டீ-பீஸ் என்ற குழாய். கையெட்டும் தூரத்தில் எப்போதும், கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் ஒரு அம்பு பேக். வென்டிலேட்டர் அதற்கு அப்புறம்தான், அதுவும் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடவும் போட்ட டியூப்பைக் காப்பாற்றவும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏறுவார் என்ற உறுதி இருந்தால்.

பொதுவாகப் பேசினால் எல்லாக் கருவியும் நல்ல கருவிதான், அதனால் ஒரு சாலையை வைத்துப் பேசலாம். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 65 கிலோமீட்டர், நடுவில் 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்னும் 40 கிலோமீட்டர். எஸ்டேட்டில் ஒரு தாய்க்கு 31 வாரத்திலேயே வலி வந்து 1.4 கிலோ எடையில் குழந்தை பிறந்துவிட்டது, மூச்சு வாங்குகிறது, முனகுகிறது, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போகிறது. இந்தக் குழந்தையை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கருவியாகப் பார்ப்போம்.

அந்த முனகலைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் போதுமான அளவு சுரந்திருக்காது, அதனால் ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்கின்றன, அடுத்த மூச்சில் அவற்றை மறுபடி பிரித்துத் திறக்க வேண்டியிருக்கிறது. குழந்தை தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை விட்டு, உள்ளே கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கப் பார்க்கிறது, அந்தச் சத்தம்தான் முனகல். தன்னால் முடிந்த வைத்தியத்தைக் குழந்தையே செய்துகொண்டிருக்கிறது, எத்தனை நேரம் முடியும் என்பதுதான் கேள்வி. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, சுமார் 2.1 கிலோ எடையில் பிறந்தான். இதே நோய்தான். பிறந்த ஊரிலிருந்து பாஸ்டனுக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அதிபரின் பிள்ளைக்கே கொடுக்க அன்று கையில் ஒன்றும் இல்லை. 1971-இல்தான் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும் உடன் இருந்தவர்களும் இடைவிடாத சிறு அழுத்தம் கொடுத்து இப்படிப்பட்ட குழந்தைகளைப் பிழைக்க வைக்கலாம் என்று வெளியிட்டார்கள். இன்று அந்த எடையுள்ள குழந்தை ஒரு சாதாரண மாவட்ட மருத்துவமனையில் பிழைத்து வீட்டுக்குப் போகிறது. ஆனால் அந்த அழுத்தம் மலைப்பாதையிலும் விட்டுப்போகாமல் கிடைக்க வேண்டும்.

முதலில் அம்பு பேக். 1956-இல் டென்மார்க்கிலிருந்து வந்த இந்தப் பை அமுக்கினால் சுருங்கும், விட்டால் தானாக விரியும். மின்சாரம், சிலிண்டர் எதுவும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், எனவே இது இல்லாத வண்டி கிளம்பவே கூடாது. ஆனால் இதையே பயணம் முழுவதற்குமான வழியாக நினைப்பது தவறு. நிமிடத்துக்கு 50 முறை என்று வைத்தால் பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்குள் 7,500 முறை அமுக்க வேண்டும். நம் 1.4 கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்குத் தேவை 6 முதல் 8 மில்லி, ஒன்றரை டீஸ்பூன் அளவு. பையின் கொள்ளளவோ ஏறத்தாழ 240 மில்லி. வளைவில் வண்டி சாயும்போது, கை சோர்ந்த பிறகு, பதற்றத்தில், ஒவ்வொரு அமுக்கலும் ஒரே அளவில் இருக்கவே முடியாது. பொதுவாக நாம் வேகமாகத்தான் அமுக்குகிறோம். அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி இறங்கும், அது மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், குறைமாதக் குழந்தைக்கு அந்த ஏற்ற இறக்கமே மூளைப் பாதிப்பாக முடியலாம். தவிர, அமுக்குவதை நிறுத்தினால் உள்ளே அழுத்தமும் இல்லை. தானாக மூச்சுவிடும் குழந்தைக்கு இந்தப் பை ஒன்றும் செய்வதில்லை, முகத்தில் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் சுவாசத்துக்குத் தடைதான்.

டீ-பீஸ் இந்த இடத்தில் ஒரு பெரிய முன்னேற்றம். பையே கிடையாது. சிலிண்டரிலிருந்து வரும் காற்று ஒரு குழாய் வழியாக ஓடிக்கொண்டிருக்கும், நுனியிலுள்ள சின்னத் துளையை விரலால் மூடினால் நாம் வைத்த அழுத்தத்தில் ஒரு மூச்சு உள்ளே போகும், விரலை எடுத்தால் அடிப்படை அழுத்தத்துக்குத் திரும்பும். மூச்சுக்கு 20, அடிப்படைக்கு 5 சென்டிமீட்டர் நீர் அழுத்தம், அதாவது 20-க்கு 5 என்று வைத்தால் யார் விரலாக இருந்தாலும் 20-க்கு 5-தான். புதிதாக வந்த செவிலியரும் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். விரலை வைக்காமல் விட்டாலே சிபாப் மாதிரி வேலை செய்யும், முகமூடிக்குப் பதிலாக மூக்குக் குழாயோடும் இணைக்கலாம். பிரச்சினை இரண்டு. நுரையீரல் இளகினால், உதாரணமாக சர்ஃபாக்டன்ட் கொடுத்த பிறகு, அதே 20 அழுத்தத்தில் அதிகக் காற்று போகும், எவ்வளவு போகிறது என்று இந்தக் கருவி சொல்லாது, நெஞ்சு எழும்புவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது, நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை காற்றைக் குடிக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பி-டைப் சிலிண்டரில் நிரப்பியிருக்கும்போது சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 150 நிமிடம். வால்பாறையில் முழு சிலிண்டரோடு கிளம்பினால் பொள்ளாச்சிக்குள் நுழையும்போது முள் பூஜ்ஜியத்தில் நிற்கும். வழியில் ஒரு மரம் விழுந்திருந்தால், ஆழியாறு பக்கம் சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டி நின்றால், அவ்வளவுதான். பயண நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் மாறாத விதி. கிளம்பும் முன் சிலிண்டரின் முள்ளைப் பைலட்டும் (வண்டி ஓட்டுநர்) நர்ஸும் சேர்ந்து பார்ப்பது நல்ல பழக்கம், 108 ஊழியர்கள் பலர் இதைக் கேட்காமலே செய்வார்கள்.

சிலிண்டரிலிருந்து நேராக வருவது 100 சதவீத ஆக்சிஜன், இதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அது மருந்தல்ல. 1940-களிலும் 50-களிலும் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததால் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் விழித்திரை பாதித்துப் பார்வை இழந்தார்கள். இன்று சாச்சுரேஷனை, அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை, 90-க்கும் 95 சதவீதத்துக்கும் நடுவில் வைக்கச் சொல்கிறார்கள். அதற்குக் காற்றைக் கலக்க வேண்டும், கலப்பதற்கு பிளெண்டரும் அழுத்தக் காற்றும் வேண்டும், அல்லது அறைக் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் டர்பைன் உள்ள கருவி வேண்டும். வண்டி வாங்குகிறவர்கள் மறந்துவிடுவது பெரும்பாலும் இதைத்தான். கலப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓட்டத்தில் 40 சதவீத ஆக்சிஜன் போதுமென்றால் சிலிண்டரிலிருந்து எடுப்பது 2 லிட்டருக்கும் குறைவு, மீதியெல்லாம் காற்று. அதே பி-டைப் சிலிண்டர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும்.

சரி, சிபாப். தானாக மூச்சுவிடும், ஆனால் அதற்காகப் போராடும் குழந்தைக்கு இதுதான் முதல் தேர்வு, நம் வால்பாறைக் குழந்தை அப்படிப்பட்டதுதான். மூக்கில் இரண்டு குட்டிக் குழாய்கள், 5 அல்லது 6 சென்டிமீட்டர் நீர் அழுத்தம், அவ்வளவுதான். குழந்தை முனகி முனகிச் செய்ய முயன்றதை நாம் அதன் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறோம். 2008-இல் வெளிவந்த காயின் ஆய்வில் 25 முதல் 28 வாரக் குழந்தைகள் 610 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சிபாப், மறு பாதிக்கு உடனே டியூப் என்று பார்த்தார்கள். அவ்வளவு சின்னக் குழந்தைகளிலேயே சிபாப் கொடுத்த பாதியில் 46 சதவீதம் பேருக்குத்தான் முதல் 5 நாளில் டியூப் தேவைப்பட்டது, மற்றவர்களுக்குத் தேவையே படவில்லை. 31 வாரக் குழந்தையின் நிலைமை அதைவிட நல்லது. ஆனால் அதே ஆய்வில் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தது சிபாப் பக்கம் 9 சதவீதம், டியூப் பக்கம் 3 சதவீதம். அதனால் சிபாப் போட்டாயிற்று என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. திடீரென்று சாச்சுரேஷன் இறங்கி ஒரு பக்க நெஞ்சு மட்டும் எழும்பாமல் இருந்தால் முதல் சந்தேகம் காற்றுக்கசிவு மேல்தான்.

எந்தச் சிபாப் என்பதில் ஆஸ்பத்திரி வார்டுக்கும் வண்டிக்கும் நிறைய வித்தியாசம். வார்டில் மலிவும் நம்பகமும் பபிள் சிபாப்தான். குழாயின் மறுமுனையை எத்தனை சென்டிமீட்டர் ஆழம் தண்ணீரில் முக்குகிறோமோ அத்தனை அழுத்தம், குமிழி வந்துகொண்டிருந்தால் எல்லாம் சரி. மலாவியின் மருத்துவமனைகளுக்காக ரைஸ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய பூமானி என்ற கருவியும் இந்த வகைதான். வளைவுப் பாதையில் பாட்டில் சாயும், தண்ணீர் அலம்பும், சிந்தும், ஆழம் மாறும், ஆழம் மாறினால் அழுத்தம் மாறும். சமவெளியில் அரை மணி நேரத் தூரம் என்றால் பாட்டிலை நன்றாகக் கட்டிவைத்துச் சமாளிக்கலாம். மலைக்கு, டர்பைனாலோ வால்வாலோ அழுத்தம் தரும், பேட்டரியில் ஓடும் கருவியைத்தான் நான் கேட்பேன். பெங்களூரில் உருவான சான்ஸ் (Saans) போன்ற சிபாப் கருவிகள் பயணத்தையும் மின்வெட்டையும் மனதில் வைத்தே செய்யப்பட்டவை.

கருவி எதுவானாலும் பயணத்தில் சிபாப் தோற்பது மூக்கில்தான். குழாய் அளவு சரியில்லை என்றால் பக்கவாட்டில் காற்று போகும், வாய் திறந்திருந்தால் அழுத்தம் எல்லாம் அந்த வழியாகப் போய்விடும். தொப்பி இறுக்கமாக, புருவத்துக்கு மேல் வரை வந்திருக்க வேண்டும், இரண்டு பக்கக் குழாய்களும் தொப்பியில் கட்டப்பட்டிருக்க வேண்டும், மூக்கு நடுத்தண்டில் குழாய் அழுத்தாமல் ஒரு நூலிழை இடைவெளி வேண்டும். வயிற்றில் காற்று சேரும் என்பதால் வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை வயிற்றுக்குள் விட்டுத் திறந்தே வைக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் நான் இன்குபேட்டரின் ஜன்னல் வழியாக ஒரு கையை உள்ளே விட்டு, ஆள்காட்டி விரலால் தாடையைத் தாங்கி வாயை மூடிவைத்து, கட்டைவிரலைத் தொப்பி மேல் வைத்தபடிதான் இருப்பேன். இன்னொரு கை வண்டியைப் பிடிக்க. இந்த ஒரு காரணத்துக்காகவே சிபாப் போட்ட குழந்தையோடு குறைந்தது இரண்டு பேர் பின்னால் இருக்க வேண்டும். கிளம்பும் முன் கஃபீன் மருந்து கொடுத்திருந்தால் மூச்சு நின்றுபோவது குறையும், அனுப்பும் ஆஸ்பத்திரியிடம் இதை மறக்காமல் கேளுங்கள்.

மூக்கு வழியாக அதிக வேகத்தில் காற்றும் ஆக்சிஜனும் விடும் ஹை ஃப்ளோவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், ஏனென்றால் மூக்கில் மாட்டுவது சுலபம், குழந்தையும் அமைதியாக இருக்கும். ஆனால் உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று தெரியாது. 2016-இல் வந்த ஹிப்ஸ்டர் ஆய்வில் 28 வாரத்துக்கு மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு முதல் சிகிச்சையாக ஹை ஃப்ளோ கொடுத்தபோது 25.5 சதவீதம் பேருக்குப் போதவில்லை, சிபாப்பில் அது 13.3 சதவீதம். ஹை ஃப்ளோ போதாத குழந்தைகளுக்குச் சிபாப் கொடுத்துச் சமாளித்ததால் டியூப் போட்ட எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, அதுவும் உண்மை. ஆனால் வண்டியில் அப்படி மாற்றிக்கொள்ள அடுத்த கருவி எங்கே இருக்கிறது? வார்டுக்கு வாங்குங்கள், வண்டிக்கு வேண்டாம்.

இனி வென்டிலேட்டர். சில குழந்தைகளுக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை. அடிக்கடி மூச்சு நின்றுபோகும் குழந்தை, பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதித்துச் சுயமாக மூச்சுவிடாத குழந்தை, சிபாப் 6, 7 அழுத்தத்தில் இருந்தும் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போகும் குழந்தை. முக்கியமாக, உதரவிதானத்தில் துளையோடு பிறந்து குடல் நெஞ்சுக்குள் ஏறிய குழந்தை. அதற்கு முகமூடி வைத்து அம்பு பேக் அமுக்குவதும் சிபாப்பும் இரண்டுமே கூடாது, காற்று குடலுக்குள் போய் நுரையீரலை இன்னும் நசுக்கும். வயிற்றுக் குழாய் போட்டு, மூச்சுக்குழாயில் டியூப் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

வாங்குவதென்றால் பிறந்த குழந்தைக்கு உகந்ததா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான ஆம்புலன்ஸ் வென்டிலேட்டர்கள் பலவற்றில் ஒரு மூச்சின் குறைந்தபட்ச அளவே 50 மில்லி, நம் குழந்தைக்குத் தேவையானதைப் போல் ஆறேழு மடங்கு. “குழந்தைக்கும் போடலாம் மேடம்” என்று விற்பவர் சொல்வது பத்து கிலோ குழந்தையை மனதில் வைத்து. ஹாமில்டன் டி1 போன்ற சிலவற்றில் பச்சிளம் குழந்தைக்கான வசதி சேர்த்தால் 2 மில்லி வரை இறங்கும், டர்பைன் இருப்பதால் அழுத்தக் காற்று சிலிண்டரும் வேண்டாம், சிபாப்பும் அதிலேயே கொடுக்கலாம். விலை லட்சங்களில். அந்த வசதி தனி விலையாக இருக்கலாம், அது இல்லாமல் வாங்கிவிட்டால் பெரியவர்களுக்கான பெட்டிதான் வந்து சேரும்.

ஆனால் விலையை விட எனக்குப் பெரிய கவலை டியூப். 1.4 கிலோ குழந்தைக்கு உதட்டில் ஏறத்தாழ 7.4 சென்டிமீட்டரில் ஒட்டுகிறோம், எடையோடு 6-ஐக் கூட்டும் கணக்கு. அந்தக் குழந்தையின் மூச்சுக்குழாய் சுண்டுவிரலை விடச் சின்னது. ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் ஒரே நுரையீரலுக்குத்தான் காற்று, ஒரு சென்டிமீட்டர் வெளியே வந்தால் டியூப் கழன்றே போகலாம். தாடையை நெஞ்சை நோக்கிக் குனித்தாலே டியூப் உள்ளே இறங்கும். வளைவிலும் குழியிலும் தலை அசையாமல் இரண்டு பக்கமும் துணிச்சுருள் வைத்துக் கட்ட வேண்டும். சாச்சுரேஷன் இறங்கினால் டியூப் நகர்ந்ததா, சளி அடைத்ததா, காற்று கசிந்ததா, கருவி கெட்டதா என்று நான்கையும் அரை நிமிடத்தில் பார்த்து முடிக்கும் ஆள் வேண்டும். கழன்றுவிட்டால் வண்டியை ஓரம்கட்டி மறுபடி போடத் தெரிய வேண்டும். இது முடியாத இடத்தில் வென்டிலேட்டர் இருப்பது ஆபத்து, ஏனென்றால் கருவி இருக்கிறதே என்பதற்காக, சிபாப்பிலேயே வந்து சேர்ந்திருக்கக்கூடிய குழந்தைக்கு டியூப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அனுபவம் உள்ளவர் உடன் வராத வண்டியில் டியூப் கழன்ற நிலையிலேயே வந்து சேர்ந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவே ஆறாது.

டியூப் வேண்டுமா வேண்டாமா என்பதை வண்டி கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். சந்தேகம் பலமாக இருந்தால் வெளிச்சமும் இடமும் ஆட்களும் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே போட்டு, எக்ஸ்ரே எடுத்து இடம் பார்த்து, குழந்தை நிலைப்படும் வரை அரை மணி நேரம் தாமதித்தாலும் பரவாயில்லை. உறவினர்கள் “சீக்கிரம் கிளம்புங்க” என்று கதறுவார்கள், அவர்களிடம் நிதானமாகச் சொல்லிப் புரியவைப்பதும் நம் வேலையே.

இதையெல்லாம் விட மேலான வண்டி ஒன்று உண்டு, தாயின் வயிறு. 34 வாரத்துக்கு முன் வலி வந்தால், பிரசவம் உடனே ஆகிவிடாது என்றால், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு வயிற்றில் குழந்தையோடேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு எந்தக் கருவியும் ஈடாகாது. நன்கொடை தருபவர்கள் மலைக்கிராமங்களில் இதற்கான வண்டி வசதிக்கு உதவினாலும் அது குழந்தையின் மூச்சுக்கான உதவியே.

அப்படியானால் யார் எதை வாங்கலாம்? சமவெளியில், அரசு எஸ்.என்.சி.யூ. (நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு) ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் சின்ன பிரசவ ஆஸ்பத்திரிக்கு அம்பு பேக், டீ-பீஸ், பிளெண்டர், நல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் போதும். டீ-பீஸையே மூக்குக் குழாயோடு இணைத்துச் சிபாப்பாகக் கொடுத்து அனுப்பலாம். வால்பாறை, கூடலூர், கொடைக்கானல் மாதிரி தூரமும் வளைவும் உள்ள இடங்களுக்குப் பேட்டரிச் சிபாப்பும் இன்குபேட்டரும் கட்டாயம். வெளியே மழைச்சாரல் அடிக்கும்போது சிலிண்டரிலிருந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்று குழந்தையின் சூட்டை உறிஞ்சிவிடும், 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் வைப்பது மூச்சு சிகிச்சையின் பாதி. வென்டிலேட்டரை, பல ஆஸ்பத்திரிகளிலிருந்து குழந்தைகளை எடுத்துவரும், பயிற்சி பெற்ற குழு சுழற்சியில் இருக்கும் மையத்துக்கு வாங்கிக் கொடுங்கள். அங்கே அது தினமும் ஓடும். பத்து சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தால் ஒன்பது உறை போட்டபடி மூலையில் நிற்கும், பேட்டரி செத்துப்போயிருக்கும்.

எதை வாங்கினாலும் காசோலையில் கையெழுத்துப் போடும் முன் விற்பவரை உங்கள் வண்டியில் ஏற்றுங்கள். ரப்பர் நுரையீரலில் கருவியை மாட்டி, சுவர் மின்சாரம் இல்லாமல், பேட்டரியில் மட்டும், உங்கள் சாலையிலேயே கடைசி வரை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். வண்டிச் சத்தத்தில் அலாரம் கேட்கிறதா, வெயிலில் திரை தெரிகிறதா, வளைவில் அழுத்தம் எத்தனை புள்ளி ஆடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 1 கிலோ குழந்தைக்கான மூக்குக் குழாயும் தொப்பியும் அடுத்த ஐந்து வருடமும் எங்கிருந்து வரும், என்ன விலை, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்று எழுதி வாங்குங்கள். பட்ஜெட்டில் ஒரு பங்கை ஒதுக்கி, உங்கள் செவிலியர் இருவரை அருகிலுள்ள எஸ்.என்.சி.யூ.வில் ஒரு மாதம் உட்கார வைக்க ஏற்பாடு செய்யுங்கள். கருவி வந்து இறங்கும் தேதிக்கு முன்னாலேயே அவர்கள் போய்த் திரும்பியிருக்க வேண்டும்.